ஹேச்சானின் கைகள்

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு விடுதிச் சமையலறையில் இருந்தவர்கள்: மூன்றாம் அறை பியோ கில்சு, பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவன். பதினோராம் அறை மேங் ஹேரான், அரசுத் தேர்வை ஐந்தாவது முறையாக எழுதப்போகிறவள். ஏழாம் அறை தாக் யுன்சோ, வலது மணிக்கட்டில் பட்டை போட்டிருந்தவள். விடுதியின் இரவு மேனேஜர் வேலை முடிந்தும் கிளம்பாமல் நின்ற நான்.

கில்சு ஒரு கையால் சோறு அள்ளிக்கொண்டே மறுகையில் போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தான். ‘உப்பு வாள்’ புதன்தோறும் வரும். போனில் படிக்கும் படக்கதை, நாயகன் ஹேச்சான் என்ற வாள்வீரன். வியாழன் காலை எங்கள் மாடியில் வேறு பேச்சே கிடையாது.

“இந்த வாரமும் முட்டைண்ணே! அறுபது படம். ஒண்ணுல கூட கை இல்ல. குளிருதா தலைவா?”

ஹேரான் வாயில் இருந்த சூப்பைத் துப்பும் அளவுக்குச் சிரித்தாள். “வாள்வீரனாம்! வாளை யாரு பிடிப்பா, இவன் மாமியாரா?”

அந்தக் ‘குளிருதா தலைவா’ என்னுடையது. ‘முட்டைச்சோறு41’ என்ற பெயரில் மே மாதம் நான் எழுதிய கருத்து. “மூணு வாரமா ஹேச்சான் கை அங்கிக்குள்ளயே இருக்கு. கதையில கோடைக்காலம். குளிருதா தலைவா?” இருபதாயிரம் பேர் விருப்பம் போட்டார்கள். முதல் கருத்தாக மேலே போய் உட்கார்ந்தது. கல்லூரியை விட்டு வந்த பிறகு நான் செய்த எதையும் அத்தனை பேர் பாராட்டியதில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஆளாளுக்குக் கையை எண்ணத் தொடங்கினார்கள்.

இரண்டு வாரம் கழித்து மாடியில் இணையம் போனது. யுன்சோ வியர்த்து வழிய என் மேசைக்கு வந்து, என் கணினியைக் கேட்டாள். அதில் மட்டும் இணைப்பு இருந்தது. அவள் ஏற்றிய கோப்பில் ஹேச்சான் நின்றான். இன்னும் வெளிவராத வாரத்துப் படம்; வரைகிறவள் இவள்தான். கை அங்கிக்குள். பிறகுதான் அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தேன்.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, மேனேஜர்.”

சொல்லவில்லை. அவள் போனதும் என் கருத்தை அழித்தேன். அதற்குள் அதைப் படமெடுத்து இணையம் முழுக்க ஒட்டியாகிவிட்டது. நான் அழித்ததை யாரும் கவனிக்கக்கூட இல்லை.

கில்சு அவள் பக்கம் திரும்பினான். “ஏழாம் நம்பர் அக்கா, நீங்க படிக்கறதில்லையா?”

நூடுல்ஸ் பொட்டலத்தைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். “படிக்கிறேன். அடுத்த வாரம் கையை எடுப்பான்.”

“பெரிசா கூட இருந்து பாத்த மாதிரி!”

அவள் பொட்டலத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். நடைவழியில் அவளை மறித்தேன்.

“கொஞ்ச வாரம் ஓய்வுன்னு அறிவிப்பு போட்டுடுங்க. எல்லாரும் போடறாங்களே.”

“ரெண்டு தடவ போட்டாச்சு. மூணாவது தடவன்னா கதையையே நிறுத்திடுவாங்களாம். எடிட்டர் சொல்லிட்டாரு. இப்ப அவரும் கையை எண்ணுறாரு.” சிரித்தாள். “டாக்டர் இந்தக் கையால பல் கூட தேய்க்கக் கூடாதுன்றாரு. ஒரே ஒரு கை வரைஞ்சா போதும், மேனேஜர். வாய மூடிருவாங்க.”

எண்ணத் தொடங்கி வைத்தவன் நான்தான் என்று அப்போது சொல்லியிருக்கலாம். “ஃப்ரிட்ஜுல ஐஸ் இருக்கு, வேணுமா?” என்று கேட்டேன்.

திங்கட்கிழமை ஹேரான் என் மேசையில் வந்து தட்டினாள். “தம்பி, ஏழாம் ரூம்ல ஒரே முனகல். எனக்குப் பரீட்சைக்கு இருபது நாள்தான் இருக்கு. நீ கேக்கறியா, நான் போய் கதவை உதைக்கட்டுமா?”

எங்கள் சுவர்கள் வெறும் பலகை. புகார் வந்தால் மஞ்சள் சீட்டு ஒட்ட வேண்டும், அதுதான் என் வேலை. ‘இரவில் அமைதி காக்கவும். நன்றி. நிர்வாகம்.’ எழுதி ஏழாம் கதவில் ஒட்டினேன். உள்ளே பேனா வழுக்கி மேசையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு எடுக்கும் சத்தம். மறுபடி விழும் சத்தம். கதவைத் தட்டவில்லை. தட்டி என்ன சொல்வது? செவ்வாய்க்கிழமை முனகல் இல்லை. துணியை வாயில் கடித்துக்கொண்டிருந்திருப்பாள்.

புதன் வந்தது. போன் திரை முழுக்க ஒரே கை. புடைத்த நரம்பு, முட்டியில் பழைய வெட்டு, வாளின் பிடியை நெரிக்கும் ஐந்து விரல். அதைப் போல ஒரு கையை நான் எந்தக் கதையிலும் பார்த்ததில்லை.

“கை வந்துடுச்சுண்ணே!” கில்சு வியாழன் காலை சமையலறையில் குதித்தான். “மேல இருக்கற கருத்தப் பாரு. ‘இடது கைக்கு இன்னும் குளிர் விடலையா தலைவா?’ செம!”

அதற்கும் இருபதாயிரம்.

மறுவாரம் படம் வரவில்லை. அறிவிப்பு வந்தது. ஆசிரியரின் உடல்நிலை காரணமாகக் காலவரையின்றி ஓய்வு. அதன் கீழே ஒருவன் ‘கை கொடுத்துட்டு ஓடிட்டாங்க’ என்று எழுதியிருந்தான்.

சனிக்கிழமை காலை அவளுடைய அண்ணன் குன்சானிலிருந்து வேனுடன் வந்து கீழே நின்றான். பெட்டிகளை நான் இறக்கிக் கொடுத்தேன். கடைசியாக அவள் என் மேசைக்கு வந்து இடது கையால் சாவியை வைத்தாள். வலது கை கழுத்திலிருந்து தூளியில் தொங்கியது. விரல்கள் வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன.

“கமெண்ட்ட அழிச்சிட்டீங்க போல” என்றாள்.

சாவியை எடுத்து ஆணியில் மாட்டினேன்.

“அன்னிக்கு உங்க கம்ப்யூட்டர்ல நீங்க லாகின் பண்ணின பேரு அப்படியே மேல இருந்துச்சு. முட்டைச்சோறு நாப்பத்தொண்ணு.”

“ஏன் ஒண்ணும் கேக்கல?”

“கேட்டு? நல்ல ஜோக்குதான். நானே சிரிச்சேன். அதுக்கு முன்னாடி யாரும் கவனிக்கல. அவ்வளவுதான்.”

“மன்னிச்சிடுங்க” என்றேன்.

பார்சலுக்குக் கையெழுத்துக் கேட்டவனுக்குத் தலையாட்டுவதுபோல ஆட்டினாள். நான் எத்தனை கேவலமானவன் என்றால், அப்போதும் என் நாக்கு நுனியில் நின்ற கேள்வி ஹேச்சான் கடைசியில் பிழைப்பானா என்பதுதான். விழுங்கிக்கொண்டேன்.

வெளிக்கதவில் பொத்தானை அழுத்திக்கொண்டே தள்ள வேண்டும். இரண்டு கை வேண்டும். அவள் ஒதுங்கி நின்று காத்திருந்தாள். நான் அழுத்தித் தள்ளினேன். திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். கதவு தானாக வந்து சேர்ந்தது. மின்பூட்டு வழக்கமான மூன்று சுரத்தை வாசித்தது; உள்ளே தாழ் விழுந்தது.