சூர்யகலாவின் கையும் பூனையின் கண்ணும்

அன்று காலை கூடத்தில் இருந்தவர்கள் நான்கே பேர்: பெரியவர் தட்சணாமூர்த்தி, அவருடைய அக்கா விருத்தாம்பாள், மகன் கௌதமன், மருமகள் சூர்யகலா. துண்டில் சுற்றிச் சூர்யகலாவின் மடியில் கிடந்த பூனையையும் சேர்த்தால் ஐந்து. தாங்களும் பார்த்ததாகப் பின்னால் யார் யாரோ சொன்னார்கள். வேறு ஒருவரும் அங்கே இல்லை.

மீன் கழுவும் இடத்தில் வேறொரு பூனை பிறாண்டியதில் இதற்கு இடது கண்ணில் புண். மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து, ஒரு நாளைக்கு நாலு வேளை விடச் சொல்லியிருந்தார். எட்டு நாள் ஆகியும் கண் தெளியவில்லை. பாலாடை படர்ந்ததுபோல் இன்னும் வெளுத்துத்தான் போயிருந்தது.

சூர்யகலா கீழிமையை இழுத்துப் பிடித்து ஒரு சொட்டு விட்டாள். பூனை தலையை உதறியது.

"காலங்காத்தால அளத்துல உப்பு வாரிட்டு வர்ற கை," என்றாள் விருத்தாம்பாள். "அந்தக் கையால தொட்டா கண்ணு அவியாம இன்னா பண்ணும்?"

"சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் தொடுறேன் பெரிம்மா."

"சோப்பு. ரேகைக்குள்ள போன உப்பு சோப்புக்கு வருமாடி? பூனைப் பாவம் ஏழு தலைமுறைக்கு நிக்கும், பாத்துக்க."

கௌதமன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கட்டினவளை ஒருத்தி வாய்க்கு வந்தபடி பேசும்போது கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருக்கிறானே என்று தட்சணாமூர்த்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தக் கோபம் போய் விழுந்தது மருமகள் தலையில்.

"நாலு சொட்டு மருந்து விடத் துப்பில்ல. தெருவுல இன்னா பேசுறாங்க தெரியுமா? இந்தக் குடும்பத்தை இதுவரைக்கும் ஒருத்தன் கை நீட்டிப் பேசினது கிடையாது."

சூர்யகலா எழுந்து பூனையைக் கட்டைப்பைக்குள் விட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்களும் வாங்க மாமா. என் கை இன்னா பண்ணுச்சின்னு டாக்டர் வாயாலயே கேளுங்க."

சவால் விட்ட பிறகு வீட்டில் உட்கார்ந்திருப்பவர் இல்லை அவர். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஷேர் ஆட்டோவில் இருவரும் மரக்காணம் போய்ச் சேர்ந்தார்கள்.

டாக்டர் இமையைத் தூக்கிப் பஞ்சால் ஒற்றி, அந்தப் பஞ்சை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"எண்ணெய்ப் பிசுக்கு. யாரு விட்டது?"

"எண்ணெயா? நான் விடலீங்க சார்."

"தினமும் விட்டிருக்காங்க. மருந்து எங்க ஒட்டும்? வழுக்கிட்டுப் போயிருக்கு."

உப்பளத்து ஆண்கள் பொழுது சாய்ந்ததும் கண்ணுக்கு ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விடுவார்கள். உப்புப் பாத்தியில் வெயில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கண்ணை வேகவைத்துவிடும், எண்ணெய்தான் குளிர்ச்சி. தட்சணாமூர்த்தி தனக்கு விட்ட கையோடு பூனைக்கும் விட்டுவந்தார். சூர்யகலா தண்ணீர் பிடிக்கப் போயிருக்கும் நேரம் அது.

"நான்தான் விட்டேன்," என்றார். "நாப்பது வருஷம் அளத்துல நின்னவன் சார் நான். எழுபத்தொரு வயசுல கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்கிறேன். எண்ணெய் கெடுதல்னு எங்கிட்ட சொல்லாதீங்க."

"உங்க கண்ணுல புண்ணு இல்லீங்க ஐயா. இதுக்கு இருக்குது."

அவருக்குக் கோபம் அடங்கவில்லை. திட்டுவதற்குத்தான் ஆள் இல்லாமல் போனது. மருமகள் தன் முகத்தைப் பார்ப்பாள் என்று நினைத்தார். அவள் பூனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவரை இன்னும் சுட்டது.

"கண்ணு போயிடுமா சார்?" என்று அவள் கேட்டாள்.

"தழும்பு நிக்கும். பார்வை தப்பிச்சிடும். எண்ணெய் மட்டும் இனிமே ஆகாது."

திரும்பி வந்து டீக்கடை முனையில் இறங்கினார்கள். பெஞ்சியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பங்காளி மகன் வேல்முருகன் கிளாஸும் கையுமாக எழுந்தான்.

"இன்னா பெரிப்பா, மருமக உப்புத் தண்ணிய ஊத்திப் பூனையக் குருடாக்கிட்டாளாமே? உங்க அக்காவே சொல்லிச்சி."

சூர்யகலா பையை அணைத்துக்கொண்டு நடையைக் கட்டினாள்.

"நில்லும்மா," என்றார் தட்சணாமூர்த்தி. பிறகு பெஞ்சிப் பக்கம் திரும்பி, கடைசி ஆள்வரை கேட்கும்படி சொன்னார்:

"உப்புத் தண்ணிய யாரும் ஊத்தல. விளக்கெண்ணெய் விட்டவன் நான். எம் மருமக கை மேல ஒரு குத்தமும் இல்ல. பூனைக்குக் கண்ணு போகல."