குளியலறையில் இரண்டு குரல்கள்

எங்கள் மகன் ஆயுதம் தூக்க இயக்கத்துக்குப் போகப் போகிறான் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் என் கணவர் சோதிலிங்கம். இவர் கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கணக்காய்வாளர். ஊரார் பிழையெல்லாம் தோண்டி எடுத்துப் பழகிய மனிதர், வீட்டில் மட்டும் சும்மா இருப்பாரா?

தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. பேராதனையில் குடியிருந்தோம். கண்டிக்குப் போகிற வழியில் ஒரு சோதனைச் சாவடி. யாழ்ப்பாணத்து அடையாள அட்டையைக் கண்டால் போதும், பஸ்ஸிலிருந்து இறக்கி, எங்கே, ஏன், எதற்கு என்று குடைவார்கள். நரை விழுந்த இவருக்கே அந்த மரியாதை என்றால், வளர்ந்த பையன்களுக்குச் சொல்லவே வேண்டாம். எங்கள் செந்தூரனுக்குப் பதினாலு வயது. மார்கழியில் தைத்த காற்சட்டை சித்திரையில் தொடைக்கு ஏறிவிட்டது.

இவர் தன் ஆதாரங்களை எனக்கு ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். பையன் வாய் திறப்பதில்லை, எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறான். விடியமுன்னம் எழும்பி, பஸ்ஸுக்கு நிற்காமல் பள்ளிக்கூடத்துக்கு விறுவிறென்று நடக்கிறான். அது பயிற்சியாம். கோப்பை கோப்பையாகச் சோறு தின்கிறான். அது காட்டில் பட்டினி கிடப்பதற்கு முன்னேற்பாடாம். அப்படியென்றால் நீங்கள் எந்தக் காட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் பெரிய ஆதாரம் குளியலறை. உள்ளே போனால் பூட்டிக்கொண்டு அரை மணி நேரம். ஒருநாள் இவர் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, முகம் வெளிறிப்போய்க் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தார். உள்ளே இரண்டு குரல்களாம். ஒன்று தடித்த ஆண் குரல், மற்றது கீச்சுக் குரல். இரண்டும் மாறி மாறிச் சிங்களத்தில் பேசுகின்றனவாம். வோக்கி டோக்கி என்றார். இயக்கம் எதற்குச் சிங்களத்தில் பேசுகிறது என்று கேட்டேன். அதுதான் தந்திரம் என்றார். சிரித்தேன், ஆனால் அதற்குப் பிறகு எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மூத்தவள் கௌசலா பெரியபிள்ளையானபோது இப்படியா இருந்தது? பச்சை முட்டை கொடு, நல்லெண்ணெய் கொடு, உழுத்தங்களி கிண்டு என்று ஆளுக்காள் வந்து படிப்பித்தார்கள். பந்தல் போட்டு, வீடியோ எடுத்து, அழைக்காத ஆட்கள்கூட வந்து சாப்பிட்டு வெற்றிலையும் போட்டுவிட்டுப் போனார்கள். ஆண்பிள்ளை வளர்ந்தால் என்ன செய்வது? ஒரு சனத்துக்கும் தெரியாது. நாசமாய்ப் போன முறை! அவனோடு தகப்பனாய் இருந்து கதையுங்கள் என்று இவரைப் பிடித்துத் தள்ளினேன். இவர் அவனைக் கதிரையில் இருத்தி, தொண்டையைச் செருமி, கணித பாடம் எப்படிப் போகிறது என்று விசாரித்துவிட்டு எழும்பி வந்தார்.

கடைசியில், திருச்சியில் இருக்கும் தன் தம்பியிடம் அவனை அனுப்பிவிடுவதென்று முடிவெடுத்தார். அப்படிப் போன பிள்ளைகளில் ஒன்றாவது திரும்பி வந்ததாக நான் அறியவில்லை. அழுதேன், சண்டை பிடித்தேன். உயிரோடு இருந்தால் போதும் என்றார். அதற்கு மேல் ஒரு தாய் என்ன சொல்ல முடியும்? செந்தூரனிடம் பள்ளிக்கூட அட்டைக்குப் படம் என்று பொய் சொல்லி, கண்டியில் சாஹுல் ஹமீது நானாவின் ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

நானா அக்குறணைக்காரர், கலகலப்பான மனிதர். பையனை ஸ்டூலில் இருத்தி, தாடையைப் பிடித்துத் திருப்பினார்.

“மகன், பாஸ்போட்டுக்கு எண்டா காது ரெண்டும் வெளங்கோணும்.”

இவர் பல்லைக் கடித்தார். செந்தூரன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“என்னை எங்க அனுப்பப் போறீங்கள்?”

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முழு வசனம் அது. தகப்பனைப்போல் தடித்துத் தொடங்கி, நடுவில் உடைந்து, கீச்சென்று முடிந்தது.

இவர் நானாவைக் கடைக்கண்ணால் பார்த்தபடி, குரலைத் தாழ்த்தி, அங்கே போகிற எண்ணமா என்று கேட்டார். எங்கே என்றான் அவன். அங்கேதான் என்றார் இவர். நுவரெலியாவுக்குச் சுற்றுலாவா என்றான். கமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட நானா அதை வெளியே எடுக்கவேயில்லை. அந்த நாட்களில் காது கேளாமல் இருப்பதும் ஒரு கெட்டித்தனம்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. குளியலறைக்குள் யாரோடு கதைக்கிறாய் என்று நேராகவே கேட்டேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஒருத்தரோடயும் இல்லையம்மா. பழைய குரல் வருதோ எண்டு பாக்கிறனான். ‘நான் சின்னப் பிள்ளை, சேர்’ எண்டு சிங்களத்தில சொல்லிப் பாக்கிறனான். ஒருக்கா சரியாய் வரும், பிறகு தடிச்சுப் போயிடும்.”

மிச்சத்தையும் கேட்கக் கேட்கச் சொன்னான். பஸ்ஸில் வாய் திறக்காதே, குரல் காட்டிக் கொடுத்துவிடும் என்று அப்பா சொன்னாராம். அதனால் பேச்சை நிறுத்தினானாம். இந்தப் பூனை மீசையோடு ஆமிக்காரன் முன்னால் போகாதே என்று நான் சொன்னேனாம். அதனால் கதவைப் பூட்டி வழித்தானாம். மேலுதட்டில் பிளேட் வெட்டு இன்னும் ஆறவில்லை. சாவடியில் பஸ்ஸை மறித்தால் தன்னை இறக்குவார்கள் என்று பயந்து, வயல் பக்கத்துக் குறுக்குவழியால் நடந்தானாம். சோறு ஏன் தின்றாய் என்று இவர் கேட்டார். பசித்தது என்றான்.

“வளராமல் இருக்கத்தான் பாத்தனான் அம்மா. ஏலாமல் கிடக்கு.”

களவு செய்கிறவன்போல் என் பிள்ளை ஒளித்து ஒளித்து வளர்ந்திருக்கிறான்.

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அவன் பக்கத்தில் போய் நின்று, தனக்குக் குரல் உடைந்த வருடம் கோயிலில் தேவாரம் பாடப்போய், கோயிலே சிரித்த கதையைச் சொன்னார். இத்தனை வருடத்தில் எனக்கே சொல்லாத கதை. கொஞ்ச நாளில் குரல் ஒரு பக்கம் நிற்கும் என்றார்.

“நீ வளர், தம்பி. பயப்பிடுறது எங்கட வேலை.”

நானா மெல்லத் தலையை வெளியே எடுத்து, படம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். மீசை வளர்ந்த பிறகு வருகிறோம் என்று இவர் சொல்லிவிட்டார்.

திரும்பும் வழியில் சாவடியில் எங்களை இறக்கினார்கள். இது யார் என்று ஆமிக்காரன் கேட்டான். இவர் வாய் திறக்குமுன் செந்தூரன் தன் சொந்தக் குரலிலேயே, நான் இவருடைய மகன் என்று சிங்களத்தில் சொன்னான். அது பாதியில் உடைந்தது. ஆமிக்காரன் ஏறச் சொல்லும்வரை இவர் மகன் தோளில் போட்ட கையை எடுக்கவில்லை.