பாதித் தூள்

"மருந்து போட்டது ரெண்டு நாளா, மூணு நாளா? கரெக்டா சொல்லும்மா."

"ரெண்டு நாளுதான் சிஸ்டர். நோவு வுட்டுச்சு, நிறுத்திட்டேன்."

"முழுசாவா போட்டே?"

மேசைமேல் கஸ்தூரியின் வலது கை கிடந்தது. ஏரியில் இறால் தடவிப் பிடிக்கும்போது கெளுத்தி மீனின் முள் ஏறிய நடுவிரல், கட்டைவிரலைவிடப் பருத்துக் கறுத்திருந்தது. நர்ஸ் கிறிஸ்டினா விரித்திருந்த சீழ்ப் பரிசோதனைத் தாளில் ஏழு மருந்துகளின் பெயர்கள். ஐந்துக்கு எதிரே ஒரே எழுத்து. கேட்காது என்று அதற்குப் பொருளாம்.

"நான் போட்டது ஒரே மருந்து. மத்ததெல்லாம் எப்டி கேக்காம பூடும்?"

"கிருமிங்க ஒண்ணுக்கொண்ணு குடுத்துக்கும்மா. உள்ள சின்னதா ஒரு வளையம் இருக்கும். எந்தெந்த மருந்துக்கு எப்டித் தப்பிக்கறதுன்னு மொத்தமா அதுல இருக்கும். பக்கத்துல ஒட்டிக்கினு நிக்கிறதுக்கு நகல் எடுத்துக் குடுத்துடும். ஜாதி வேறயா இருந்தாக்கூட குடுக்கும்."

"நம்மள வுட பரவால்ல."

கிறிஸ்டினா சிரிக்கவில்லை. "வாங்கினது ரெண்டா பிரியும். அந்த ரெண்டுக்கும் வளையம் பொறப்புலயே இருக்கும். நீ அரகொறையா மருந்து போட்டா, வளையம் இல்லாததுங்க சாவும், இருக்கறது பெருகும். துணிமணி எடுத்துக்கினு நாளைக்குக் காலைல வந்து படு. ஊசியும் கேக்கலன்னா விரல எடுத்துடுவாங்க."

ஆரம்பாக்கம் பஸ்ஸில் கையை மடியில் குழந்தைபோல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த விரல் இல்லாமல் சேற்றில் இறால் அகப்படாது. ஏரியில் ஊர்ப் பெண்கள் வரிசையாகக் குந்தியபடி நகர்வார்கள். இறால் போடும் பறிக்கூடையின் கயிறு பல்லில் இருக்கும், இரண்டு கைகளும் சேற்றுக்குள். முள் ஏறினால், கரைக்கு வந்ததும் கேப்சூலைத் திறந்து பாதித் தூளைக் காயத்தில் கொட்டுவார்கள். மீதியை மூடி, அடுத்துக் காயம் பட்டவளுக்கு வைப்பார்கள். மகள் திவ்யாவின் காய்ச்சலுக்கு வாங்கிய கேப்சூல் அட்டைதான் அது. எல்லோருக்கும் பங்கு வைத்தவள் கஸ்தூரி.

கண்ணை மூடினாள். ஏரியின் அடியில் வேறு வரிசைகள் தெரிந்தன. முகமில்லாதவை. இருட்டில் ஒன்றையொன்று தொட்டு, சத்தமில்லாமல் எதையோ கைமாற்றிக்கொண்டே இருந்தன. நர்ஸ் போட்டுவிட்ட கட்டுக்குள்ளும் அந்த வரிசை நகர்வதுபோல் இருந்தது. திடுக்கிட்டு, பக்கத்தில் இருந்தவள்மேல் பட்டுவிடாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

பஸ் நிற்கும் இடத்திலேயே நாத்தனார் ஜமுனா காத்திருந்தாள். சேலையிலிருந்து ஏரித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா அண்ணி, வெட்டிட்டாங்களா, வுட்டுட்டாங்களா?" என்று சிரித்தாள். பிறகு தன் வலது கையை விரித்துக் காட்டினாள். நடுவிரலில் சிறிய துளை. அதைச் சுற்றி இன்னும் சேறு காயவில்லை. "எனக்கும் ஏத்திடுச்சு பாரு, பாழாப்போன கெளுத்தி. உனக்குக் குத்துன அதே எடம்."

கஸ்தூரியின் பையில் அந்த அட்டை இருந்தது. அதில் இன்னும் இரண்டு கேப்சூல்கள். அவளுடைய கட்டின் நுனியில் மஞ்சளாக ஈரம் ஊறியிருந்தது.

ஜமுனா இன்னும் ஓர் அடி கிட்டே வந்து விரலை நீட்டினாள்.

"எரியுது அண்ணி. பாதித் தூளு போதும். உன் கையாலயே போட்டுவுடேன்."