பாத்திரக்கடையில் பழைய பென்ஷன்

தேரடி வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் கோதண்டராமனுக்கு அரசு ஊழியர்கள் என்றாலே ஆகாது. அவர் மனைவி வினோதினி அரசுப் பள்ளி ஆசிரியை. அதுவும் சும்மா ஆசிரியை இல்லை, ஆசிரியர் சங்கத்தின் மாவட்ட மகளிர் அணிச் செயலாளர். இந்த இரண்டு உண்மைகளும் ஒரே வீட்டில் இருபத்திரண்டு வருடமாகக் குடித்தனம் நடத்தி வந்தன.

கடைக்குக் குடம் வாங்க வருகிறவர்களைக்கூடக் கோதண்டராமன் விடமாட்டார். "மாசம் பொறந்தா சம்பளம். ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி பஞ்சப்படி. அதுக்கு மேல போராட்டம் வேற. வயசானா ஊட்ல உக்காந்துகினு பென்ஷன். யாரு பணம் அது? இந்தக் குடத்துக்கு நீ கட்டற வரிப் பணம்மா!" என்பார். குடம் வாங்க வந்தவள் ஊரிலுள்ள எல்லாருக்கும் தானே பென்ஷன் கொடுக்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு, அந்தக் கணக்கில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்வாள்.

வீட்டில் வினோதினியின் ராஜ்ஜியம். 2003க்குப் பிறகு வேலைக்கு வந்ததால் அவளுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பங்கு பிடிப்பார்கள், அரசாங்கம் ஒரு பங்கு போடும். "இருபது வருஷமா பிடிக்கறாங்க. கடைசில மாசம் எவ்ளோ கைக்கு வரும்னு கேட்டா ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல. பழசுன்னா கடைசிச் சம்பளத்துல பாதி, உசிரு இருக்கற வரைக்கும். அதைத்தான கேக்கறோம், உங்க கடையவா எழுதிக் கேக்கறோம்?" என்று தோசையைத் திருப்பிக்கொண்டே சொல்வாள். அவள் குரல் உயர்கிற நாட்களில் தோசை கருகும். கோதண்டராமன் வாயை மூடிக்கொண்டு கருகினதைச் சாப்பிடுவார்.

இந்தச் சங்கதி ஊருக்கே தெரியும். வேங்கிக்கால் நூலக வாசகர் வட்டத்துக்கும் தெரியும். அவர்கள் ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். 'பழைய ஓய்வூதியம்: உழைப்புக்கு உரிமையா, ஊருக்குச் சுமையா?' சுமை அணிக்குத் தலைவர் கோதண்டராமன், உரிமை அணிக்குத் தலைவி வினோதினி. நடுவர் ஜியாவுல்லா. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பென்ஷனே வாங்குகிறவர். அந்தத் தெம்போ என்னவோ, வாயைத் திறந்தால் குறும்பு.

கோதண்டராமன் மூன்று வாரம் தயாரித்தார். வியாபாரம் மந்தமான மதிய வேளைகளில் எவர்சில்வர் அடுக்குகளுக்கு முன்னால் நின்று கையை வீசிப் பேசிப் பார்த்தார். பில் போடுகிற தென்றல் கைபேசியில் நேரம் பார்த்துச் சொல்வாள். இருபத்தெட்டு வருடமாகக் கடையில் வேலை செய்யும் பரசுராமன் ஏணிமேல் நின்றபடியே சரியான இடங்களில் கைதட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கல்யாண மண்டபம் நிரம்பி, வாசலில்கூட ஆட்கள் நின்றார்கள். ஜியாவுல்லா ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இவங்க ரெண்டு பேரும் என்ன பேசுவாங்கன்னு இந்த ஊருல கைக்குழந்தைக்கும் தெரியும். தெரிஞ்சதையே கேக்கறதுக்கு நீங்க ஏன் ஃபேனுக்கடியில வந்து உக்காரணும்? அதனால நடுவர் உரிமையில ஒரு சின்ன மாத்தம் பண்றேன். கோதண்டராமன் உரிமைன்னு பேசட்டும். டீச்சரம்மா சுமைன்னு பேசட்டும்."

மண்டபத்தில் விசில் பறந்தது. கோதண்டராமன் எழுந்துவிட்டார். "சார், இதெல்லாம் அநியாயம். நான் கெளம்பறேன்."

வினோதினி பக்கத்து நாற்காலியிலிருந்து மெதுவாகச் சொன்னாள். "பயமா இருந்தா போங்க. சாவி பூத்தொட்டி கீழ இருக்கு."

கோதண்டராமன் உட்கார்ந்தார்.

வினோதினிதான் முதலில் பேசினாள். பேசினாளா அது! மாசம் பொறந்தா சம்பளத்தில் ஆரம்பித்து, குடத்து வரியில் வந்து நின்றாள். இல்லாத மீசையைத் தடவிக்கொண்டாள். எல்லாமே கோதண்டராமனின் வசனங்கள். ஆனால் கடையில் அவர் சொல்லும்போது இரண்டு பேர் சிரிப்பார்கள், இங்கே எழுநூறு பேர் சிரித்தார்கள். 'எங்கிட்டருந்தே எடுத்து எனக்கு எதிரா விக்கிறாளே' என்று அவருக்குக் காது சிவந்தது. மூன்று வாரத்து உழைப்பு அவர் கண்முன்னாலேயே காலியாகிக்கொண்டிருந்தது.

அவர் முறை வந்தது. ஒலிபெருக்கி முன்னால் நின்றதும் மண்டை காலிக் குடமாகிவிட்டது. மூன்றாவது வரிசையில் பரசுராமன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தட்டுவதற்குத் தயாராகக் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் கோதண்டராமனுக்குக் கடை ஞாபகம் வந்தது. தெரிந்ததைப் பேசினார்.

"நான் பாத்திரக்காரன். எனக்குப் பெரிய விஷயம் தெரியாது. முப்பது வருஷம் அடுப்புல காஞ்ச பித்தளைப் பாத்திரம், அடி தேஞ்சு போச்சுன்னு எடுத்தாந்து குடுக்கறீங்க. நான் என்ன பண்றேன்? தெருவுல வீசறனா? தராசுல வெச்சு எடை போட்டு வெலை குடுக்கறேன். ஒழைச்ச பாத்திரத்துக்கே ஒரு வெலை இருக்குது. ஒழைச்ச மனுசனுக்குக் கெடையாதா?"

மண்டபம் அதிர்ந்தது. முதலில் தட்டியது பரசுராமன்தான். கோதண்டராமனுக்குச் சூடு ஏறிவிட்டது.

"இன்னும் கேளுங்க! நீ பாதி போடு, நான் பாதி போடறேன், கடைசில பாத்துக்கலாம்ன்றாங்க. அதுக்குப் பேரு பென்ஷனா? அதுக்குப் பேரு சீட்டு!"

அதற்கப்புறம் அவர் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. ஜியாவுல்லா உரிமையே என்று தீர்ப்புச் சொல்லி, கோதண்டராமனுக்குப் பொன்னாடை போர்த்தினார். தோற்ற அணித் தலைவி எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினாள்.

யாரோ எடுத்த காணொளி மறுநாளே ஊரெல்லாம் சுற்றியது. கீழ்பென்னாத்தூரிலிருந்து இரண்டு ஆசிரியைகள் பேருந்து ஏறி வந்து, கோதண்டராமனோடு படம் எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு டிபன் கேரியரும் வாங்கிப் போனார்கள். வணிகர் சங்கச் செயலாளரான துணிக்கடை சுரேஷ்குமார் போனில் கூப்பிட்டார்.

"இன்னாண்ணே, அந்தப் பக்கம் போய்ட்டீங்களா?"

"யோவ், அது பட்டிமன்றம்யா."

"பட்டிமன்றம்தான். ஆனா என் பொண்டாட்டி அழுதுட்டா."

கோதண்டராமன் சலித்துக்கொள்வதுபோல் போனை வைத்தார். வைத்துவிட்டு, காணொளியைப் பன்னிரண்டாவது தடவையாகப் போட்டுப் பார்த்தார்.

நான்காவது நாள் காலையில் கடை ஷட்டரைத் தூக்கியதும் ஆறு வேலையாட்களும் வரிசையாக நின்றார்கள். முன்னால் பரசுராமன், கையில் ஒரு காகிதம்.

"இன்னா பரசு, யாருக்குனா கல்யாணமா?"

"இல்ல மொதலாளி. மனு."

கோதண்டராமன் வாங்கிப் படித்தார். கடையில் உழைத்து வயதானவர்களுக்கு மாதாமாதம் ஓய்வூதியம் வேண்டும் என்று இருந்தது. கீழே ஆறு கையெழுத்து.

"இன்னாடா இது?"

"அன்னிக்கு மேடைல நீங்க பேசுனதுதான். ஒழைச்ச மனுசனுக்கு வெலை கெடையாதான்னு கேட்டீங்க. எங்களுக்கு நெஞ்சுல பூந்துடுச்சு."

"அது அரசாங்க ஊழியருக்குப் பேசுனது!"

தென்றல் கைபேசியை நீட்டினாள். "நீங்க மனுசன்னுதான் சார் சொல்லியிருக்கீங்க. ஊழியர்ன்ற வார்த்தையே வரல. மூணு வாட்டி கேட்டுட்டேன்."

"குடுக்க முடியாதுன்னா?"

பரசுராமன் தலையைச் சொறிந்தார். "வர்ற பௌர்ணமிக்கு எல்லாரும் லீவு போடலாம்னு இருக்கோம், மொதலாளி."

கோதண்டராமன் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தார். பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டம். செம்பும் காமாட்சி விளக்கும் அன்று ஒரு நாளில் விற்பது மற்ற நாட்களில் ஒரு மாதம் விற்காது. மறுபடி காகிதத்தைப் பார்த்தார். 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று தொடங்கியிருந்தது. 'ஓய்வூதியம்' என்பதில் ஒரு எழுத்துப் பிழை, அது சிவப்பு மையில் திருத்தப்பட்டிருந்தது. அந்தச் சிவப்பு மையை அவர் இருபத்திரண்டு வருடமாகப் பார்த்து வருகிறார்.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவர், சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "என் கடைக்குள்ளயே சங்கம் வெக்கிறியா?"

"நான் எழுதல. பிழைதான் திருத்தினேன். தப்பா எழுதறதைப் பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியாது."

"பாத்திரக்கடைல பென்ஷன் குடுத்தா கடையை மூட வேண்டியதுதான். நீயே சொல்லு!"

"நான்தான் அன்னிக்கே சுமைன்னு சொன்னேனே. ஊரு ஒத்துக்கல. உரிமைன்னு நீங்க ஜெயிச்சுட்டீங்க" என்று சாதத்தில் ரசம் ஊற்றினாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "பரசுராமன் ஏணில ஏறும்போது பாத்திருக்கீங்களா?"

"தெனம்தான் பாக்கறேன்."

"நல்லாப் பாருங்க."

மறுநாள் பார்த்தார். ஒருவர் அண்டா கேட்டார். பரசுராமன் ஏணியில் ஏறினார். நான்காவது படியில் நின்று, பக்கத்துத் தட்டிலிருந்த தாம்பாளங்களை எண்ணுவதுபோல் ஒன்றிரண்டைத் தொட்டார். எண்ணவில்லை. இடது முட்டியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். மூச்சு சீரானதும் மேலே ஏறி, அண்டாவை இறக்கிக்கொண்டு, ஒன்றுமே இல்லாததுபோல் சிரித்துக்கொண்டு வந்தார். தினமும் அந்தத் தாம்பாளங்களை எதற்கு எண்ணுகிறான் என்று கோதண்டராமன் பலமுறை எரிச்சல்பட்டிருக்கிறார். குடம் வாங்க வந்தவளுக்கு அன்று பிரசங்கம் இல்லாமலேயே ஐம்பது ரூபாய் குறைந்தது.

பௌர்ணமிக்கு முந்தின நாள் பேச்சுவார்த்தை. இரு தரப்பும் ஒத்துக்கொண்ட நடுவர் ஜியாவுல்லா. கடைக்குள் பெஞ்சு போட்டு உட்கார்ந்தார்கள்.

"எனக்கு மனசு இருக்குது" என்று கோதண்டராமன் தொடங்கினார். "ஒரு வழி சொல்றேன். மாசாமாசம் நீங்க பாதி போடுங்க, நான் பாதி போடறேன். கடைசில..."

சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. ஆறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"அது சீட்டு!"

ஜியாவுல்லா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகை இல்லை. "கோதண்டராமா, அந்த வரிக்குத்தான் நான் உனக்குப் பொன்னாடையே போத்தினேன்."

"சார், நீங்க பழைய பென்ஷன் வாங்கறவரு. உங்களுக்குச் சிரிப்பு வரும்."

"வருதேப்பா. மாசம் ஒண்ணாந் தேதி ஆனா நல்லாவே வருது."

இரண்டு மணி நேரம் இழுத்தது. மூன்று தடவை டீ வந்தது. கடைசியில் இளையவர்கள் ஐந்து பேரும் இறங்கி வந்தார்கள். அவர்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது, சீட்டென்றாலும் பரவாயில்லை, ஆனால் தபால் நிலையத்தில் அவரவர் பேரில் போட வேண்டும் என்றாள் தென்றல். கோதண்டராமன் தலையாட்டினார். மீதி இருந்தது பரசுராமன். அவருக்கு ஐம்பத்தாறு. பாதிப் பாதி போட்டுச் சேர்க்க வருடம் ஏது?

"பரசுக்கு வேற" என்றார் கோதண்டராமன், யார் முகத்தையும் பார்க்காமல். "அவன் போடவேணாம். அறுபது வயசு வரைக்கும் வேலை. அப்புறம் கடைசிச் சம்பளத்துல பாதி. அவன் இருக்கற வரைக்கும். எனக்கு ஒண்ணு ஆயிட்டாலும் கடை குடுக்கும்னு எழுதிக்குங்க சார். நாளைலருந்து ஏணிக்கு வேற ஆளு."

ஜியாவுல்லா எழுதினார். இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவில்லை. பரசுராமன் எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்து, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தார்.

"மொதலாளி, பௌர்ணமிக்கு நான் விடிகாலைலயே வந்துடறேன்."

"வராம எங்க போவ? போயி டீ கிளாஸெல்லாம் எடுத்துக் குடு, டீக்கடைக்காரன் நிக்கறான்."

வீட்டில் சொன்னபோது வினோதினி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"பரசுராமனுக்குப் பிடித்தம் கெடையாதா?"

"கெடையாது."

"கடைசிச் சம்பளத்துல பாதியா? உசிரோட இருக்கற வரைக்கும்?"

"ஆமா."

"அப்போ அது பழைய பென்ஷன்!" அவளுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "எத்தனை வருஷமா வெயில்ல நின்னு கத்தறேன். எனக்கு வரல. அவரு நாலு நாள்ல வாங்கிட்டாரு!"

"உங்க சங்கத்துக்குப் பரசுவத் தலைவராப் போடு."

அவள் கரண்டியை ஓங்கினாள். பிறகு அதே கரண்டியால் அவருக்கு இன்னொரு கரண்டி நெய் விட்டாள்.

அடுத்த வாரம் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு முன்னால் ஆசிரியர் சங்கத்தின் தர்ணா. வினோதினி பேசியது சாயங்காலத்துக்குள் தென்றலின் கைபேசிக்கு வந்துவிட்டது. கடையே கூடி நின்று பார்த்தது. "தேரடி வீதியில ஒரு பாத்திரக்கடை. ஆறு பேரு வேலை செய்யறாங்க. அந்த மொதலாளி இருபத்தெட்டு வருஷம் ஒழைச்சவருக்குப் பழைய ஓய்வூதியம் எழுதிக் குடுத்திருக்காரு. செம்பு வித்து, விளக்கு வித்து ஒரு மனுசனால முடியுது. அரசாங்கத்தால முடியாதா?" கூட்டம் கோஷம் போட்டது. அந்தக் கோஷத்துக்குள் எங்கோ கோதண்டராமனின் பெயரும் கேட்டது. வாழ்நாளெல்லாம் எதைத் திட்டினாரோ அந்தக் கூட்டமே அவருக்கு 'வாழ்க' போட்டதில், முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஒரு தவலையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

போன் அடித்தது. துணிக்கடை சுரேஷ்குமார். குரல் உடைந்திருந்தது.

"அண்ணே, இன்னாண்ணே பண்ணி வெச்சிருக்கீங்க? என் கடையாளுங்க பதினோரு பேரு நாளைக்குக் காலைல என்னாண்ட பேச வராங்களாம். கையில காயிதம் வேற வெச்சிருக்காங்க. நான் இப்போ இன்னா பண்றது?"

கோதண்டராமன் தவலையைக் கீழே வைத்தார். கொஞ்சம் யோசித்தார்.

"மொதல்ல எல்லாரையும் உக்கார வெய்யி" என்றார். "டீ சொல்லு. அப்புறம் நீ பாதி நான் பாதின்னு மட்டும் ஆரம்பிச்சுடாத."