மூன்றரை மீட்டர் பச்சை வெல்வெட்

1

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பத்திரிகையின் சித்திரைத் திருவிழா மலருக்கு மத நல்லிணக்கக் கதை ஒன்று கேட்டார்கள். கேட்டவர் வர்ஷினி, உதவி ஆசிரியர்.

"அழகர் கண்டிப்பா இருக்கணும் சார். நோன்புக் கஞ்சி இருந்தா ரொம்ப நல்லது. கடைசில லேசா கண்ணு கலங்கணும். ரொம்ப வேணாம், லேசா."

கைவசம் ஒரு தையல்காரர் இருந்தார். சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. ஏன் என்று எட்டாவது பகுதியில் வரும். அங்கே நேராகத் தாவுகிறவர்களை என்னால் தடுக்க முடியாது.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

"சித்திரை வெயில் மாமதுரையின் மீது" (போதும். வெயில் இல்லாமல் மதுரையைப் பற்றி எழுத யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான்.)

"மத நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டாக விளங்கும் தையல்கலைஞர் மீரா உசேன்" (இதை வருடாவருடம் நாளிதழ்களே எழுதிவிடுகின்றன. படத்துடன். அந்தப் படத்தைப் பற்றி மீரா உசேனின் கருத்து: "வருசா வருசம் வாராக, தொப்பியப் போடுங்கறாக, துணியத் தூக்கிப் பிடிங்கறாக, இன்னுங் கொஞ்சம் சிரிங்கறாக. தைக்க மட்டும் விட மாட்டேங்கறாக.")

"தங்கப்பொண்ணு கேட்ட துணி கடையில் இல்லை."

இது இருக்கட்டும்.

3

தங்கப்பொண்ணு வருவதற்கு முன்னால் துணி வரவேண்டும். அதற்கும் முன்னால் மீரா உசேன்.

கீழச்சித்திரை வீதியை ஒட்டிய சந்தில் அவருக்கு எட்டடிக் கடை. வருடம் பூராவும் தலையணை உறை, பள்ளிக்கூட யூனிஃபார்ம். பங்குனி பிறந்துவிட்டால் அழகர் உடுப்பு மட்டும்தான். ஆற்றில் இறங்க வரும் கள்ளழகர் மேல் தோல்பையால் தண்ணீர் பீய்ச்சுவதாக நேர்ந்துகொண்டவர்கள் போட்டுக்கொள்ளும் உடுப்பு அது: வெல்வெட் சட்டை, முழங்கால் வரை கச்சை, ஜிகினா வைத்த குல்லா.

இதில் ஒரு முறை இருக்கிறது. சிலர் கடைத்துணியில் தைத்துக்கொள்வதில்லை. தாங்களே துணி எடுத்து, அழகர்கோவிலுக்குக் கொண்டுபோய், காவல்தெய்வம் பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதிக் கதவின் முன்னால் வைத்து, சந்தனம் தொட்டுவிட்டுத்தான்* தையல்காரர் கையில் கொடுப்பார்கள். அப்படி வந்த துணி அந்த நேர்த்திக்கு மட்டும்தான். வெட்டி மிஞ்சிய துண்டைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கடை வைத்த முதல் இருபத்தாறு வருடத்தில் மீரா உசேன் கையில் ஒரு துண்டுகூட இடம் மாறியதில்லை.

(*அந்தக் கதவின் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய எங்கள் பக்கத்தில் யாருக்கும் துணிச்சல் வராது. மீரா உசேன் அந்தப் பக்கமே போனதில்லை. ஆனால் அங்கே வைத்து எடுத்த துணி என்றால் கையைக் கழுவிக்கொண்டுதான் தொடுவார். ஏன் பாய் என்று கேட்டேன். "நமக்கெதுக்கு வம்பு" என்றார்.)

2020 மார்ச்சில் எழுமலையிலிருந்து ஒச்சப்பன் என்ற கொத்தனார் அப்படி ஒரு துணி கொண்டுவந்தார். மயில்பச்சை வெல்வெட், மூன்றரை மீட்டர். மகள் இசைவாணிக்குச் சின்ன வயதில் வந்துகொண்டிருந்த வலிப்பு நின்றதற்காக ஒன்பது வருடம் தண்ணீர் பீய்ச்சுவதாக நேர்த்தி. எட்டு முடிந்திருந்தது. அது கடைசி. மீரா உசேன் அளவெடுத்து, சீட்டு எழுதிக் குத்தி, மேல் தட்டில் வைத்தார். மறுவாரம் ஊரடங்கு வந்தது. அந்த வருடமும் அடுத்த வருடமும் அழகர் கோயிலுக்குள்ளேயே இருந்துகொண்டார்.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சங்கடம். மீரா உசேன் அளவுக்கு மீறி நல்லவராக இருக்கிறார். இது கதைக்கு ஆகாது. முன்கோபம் கொடுத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. வெற்றிலை போட வைத்தேன், நோன்பு மாதம் என்று துப்பிவிட்டார்.

நல்லவேளையாக அவரே ஒரு தப்பு செய்தார்.

2022இல் திருவிழா திரும்பி வந்தது. ரம்ஜானும் அதே மாதம். இரண்டு வருடமாகத் தேங்கிய நேர்த்தியெல்லாம் ஒரே நேரத்தில் கடைக்கு வந்து நின்றது. ஊரில் பச்சை வெல்வெட்டே இல்லை. இருந்ததெல்லாம் சிவப்பு.

அப்போது பரவையிலிருந்து ஒருத்தர் வந்தார். பரவை மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் இன்னும் எனக்குத் தோன்றவில்லை. கழுத்தில் செயின் போடலாமா என்று யோசிக்கிறேன். அவருக்குப் பச்சைதான் வேண்டுமாம். நிமிர்ந்து பார்த்தார், மேல் தட்டில் பச்சை இருந்தது.

"அது ஒருத்தர் நேர்த்தித் துணிண்ணே."

"தூசி படிஞ்சு கெடக்கே பாய். ரெண்டு வருசமா வராதவரு இனிமேயா வரப்போறாரு? ஆளு இருக்காரோ என்னமோ."

மீரா உசேன் சீட்டிலிருந்த நம்பருக்குப் போன் போட்டுப் பார்த்தார். உபயோகத்தில் இல்லை என்றது. முடியாது என்று மூன்று தடவை சொன்னார். நான்காவது தடவை மத்தியானம் மூன்று மணி, கடை நிறைய ஆள், நாக்கு வறண்டு போயிருந்தது. எடுத்துக்கொடுத்துவிட்டார். அவரே வெட்டினார், அவரே தைத்தார்.

("நோன்புக் களைப்பில் மனம் தளர்ந்த மீரா உசேன்" என்று முதலில் எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது அடிக்கச் சொன்னார். "நோன்பு மேல பழி போடாதீக. நாந்தேன் குடுத்தேன்.")

5

அழகர் ஆற்றில் இறங்க இரண்டு நாள் இருக்கும்போது தங்கப்பொண்ணு வந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் மஞ்சள் பை.

"எழுமலை பாய். எங்க வீட்டுக்காரரு பச்சைத் துணி குடுத்திருந்தாரு."

மீரா உசேன் தையலை நிறுத்தினார்.

"அவரு வரலையாம்மா?"

"போன வருசம் போயிட்டாரு. ரெண்டாவது அலையில. ஆஸ்பத்திரியில பதினோரு நாளு கெடந்தாரு. நேர்த்தி ஒரு வருசம் நிக்கிது. எம்மகளுக்கு இப்ப மாப்ள பாத்துக்கிட்டு இருக்கோம். அந்த நோவு திரும்பி வந்துருச்சுன்னா எங்கிட்டுப் போவேன்? நானே போட்டுப் பீச்சுறேன். எனக்கு அளவாத் தச்சுக் குடுங்க."

"பொம்பளையாளு இதப் போட்டு…"

"பூசாரிகிட்ட கேட்டுட்டுத்தேன் வாரேன். ஆளு மாறலாமாம். துணி மாறக் கூடாதாம். கருப்புகிட்ட வச்ச துணியில்ல?"

நோன்பு திறக்கும் நேரம். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். மீரா உசேன் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்து, வாயில் போடாமலே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கஞ்சித் தூக்கைத் திறந்து, முதலில் அந்தம்மாவுக்கு ஒரு டம்ளர் ஊற்றினார்.

(வர்ஷினிக்கு: கஞ்சி வந்துவிட்டது. இது நிஜமாகவே நடந்தது என்பதால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

"உப்பு பத்தல பாய்" என்றார் தங்கப்பொண்ணு. "நாளைக்குக் காலையில வரட்டா?"

6

அவர் போனதும் மீரா உசேன் பரவைக்காரருக்குப் போன் செய்தார். பதினொரு தடவை. எடுக்கவில்லை.

7

இனி முடிவுகள்.

(அ) மீரா உசேன் எப்படியோ அதே பச்சையில் வேறு துணி பிடித்து, தைத்துக் கொடுத்துவிடுகிறார். தங்கப்பொண்ணுக்குத் தெரியாது. எல்லோருக்கும் நிம்மதி. இதை மூன்று நாள் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பொய் சொல்ல வேண்டிய வரியில் மனிதர் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடுகிறார். ஒரு பக்கம் நோன்பு, ஒரு பக்கம் கருப்பு. நடுவில் ஒரு தையல்காரரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்?

(ஆ) பரவைக்காரர் மனம் திருந்தி, ஆற்றில் அவ்வளவு கூட்டத்தையும் விலக்கிக்கொண்டு உடுப்போடு ஓடிவருகிறார். பின்னால் அழகர், தங்கக் குதிரை, கோவிந்தா கோஷம். வர்ஷினிக்கு இது பிடிக்கும். ஆனால் அவர் ஓடிவரவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

(இ) நடந்தது.

மறுநாள் காலை தங்கப்பொண்ணு உட்காருவதற்குள் மீரா உசேன் எழுந்து நின்றுகொண்டார்.

"அம்மா, உங்க துணிய வேற ஒருத்தருக்குத் தச்சுக் குடுத்துட்டேன். தப்பு என்னோடது."

அந்தம்மா மேல் தட்டைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"யாருக்கு?"

"அது வேணாம்மா. திருப்பி வாங்கித் தர்றது எம் பொறுப்பு."

"உங்கள நம்பித்தான பாய் குடுத்துட்டுப் போனாரு."

மீரா உசேன் அழுதுவிட்டார். இருபத்தாறு வருடம் கடையில் உட்கார்ந்த மனிதர், தெருவில் போகிறவர்கள் பார்க்க, இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அழுதார். தங்கப்பொண்ணு அவரைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. அழுது முடிக்கட்டும் என்று இருந்தார்.

"சரி, இருக்குற துணியில தைங்க. அழகரு நாளைக்கு வந்துருவாரு, அவர நிப்பாட்ட முடியாது. ஆனா இது செல்லாது பாய். எந்த வருசம் அந்தத் துணி கெடைக்கிதோ அந்த வருசந்தேன் கடைசி வருசம். எவன் போட்டிருந்தாலும் சரி, அலசிக் கட்டிக்கிறேன். அதுவரைக்கும் வருசா வருசம் வருவேன்."

சிவப்பு வெல்வெட்டில் தைத்தார். மறுநாள் விடிகாலையில் வைகைக்குள், ஆம்பளைக் கூட்டத்தின் நடுவில், சிவப்புக் குல்லா போட்ட ஒரு பெண் அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சினார்.

8

பரவையில் வெங்காய மண்டிக்காரர் என்று ஒருவர் இல்லை. பரவையில் நான் குடியிருக்கிறேன்.

வீடு கட்டி முடித்ததற்காக எனக்கொரு நேர்த்தி இருந்தது. பச்சை போட்டோவில் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான். ஆளு இருக்காரோ என்னமோ என்று சொன்ன வாய் என்னுடையது. பதினொரு அழைப்பையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். துணி விஷயம் என்று ஊகித்தேன். திருவிழா முடியட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

திருவிழாவும் நோன்பும் முடிந்து மீரா உசேன் பஸ் ஏறி வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்று முழுக்கதையும் சொன்னார். கூட்டத்தில் கிழிந்துபோய்விட்டது, எங்கேயோ எறிந்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் போய்விட்டார்.

உடுப்பு பீரோவில் இருக்கிறது, பூச்சி உருண்டையோடு. ஏன் கொடுக்கவில்லை என்றால், முதலில் சோம்பல். பிறகு, இத்தனை நாள் கழித்து என்ன முகத்தோடு கொடுப்பது என்ற வெட்கம். வெட்கம் வருடத்துக்கு வருடம் கூடியது.

தங்கப்பொண்ணு சொன்னபடி ஒவ்வொரு வருடமும் வந்தார். போன வருடம் முழங்கால் வீங்கி நிற்க முடியாமல், கரைப் படியில் உட்கார்ந்தபடியே பீய்ச்சிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். அவருக்கு என்னைத் தெரியாது. எல்லோர் மேலும் அடிப்பதுபோல் என் மேலும் தண்ணீரை அடித்துவிட்டு, "குளிருதா தம்பி?" என்று சிரித்தார். நான் வீட்டுக்கு வந்து அழுதேன். அப்போதும் பீரோவைத் திறக்கவில்லை.

9

கதைக்காக நான் கடைக்குப் போனபோதெல்லாம் உடுப்புப் பேச்சே எடுக்காத மீரா உசேன், போன வாரம் போன் செய்தார். எடுத்துவிட்டேன்.

"சார், அந்தம்மா வியாழக்கெழம பதினோரு மணிக்கு அளவு குடுக்க வாராக. நீங்க பத்து மணிக்கு வந்து உடுப்பக் குடுத்துட்டுப் போயிட்டீகன்னா, யாரு குடுத்தான்னு நான் சொல்ல மாட்டேன். பதினோரு மணிக்கு வந்தா நீங்களே சொல்லிக்கங்க."

"பாய், அதுதான் கிழிஞ்சு…"

"கிழியல சார். நான் தச்சது அம்புட்டு சீக்கிரம் கிழியாது."

வைத்துவிட்டார்.

வர்ஷினிக்கு இதுவரை எழுதியதை அனுப்பிவிட்டேன். முடிவு எங்கே சார் என்று கேட்டிருக்கிறார். உடுப்பை அயர்ன் பண்ணி ஒரு துணிப்பையில் வைத்திருக்கிறேன். இன்று புதன்கிழமை. நாளைக்கு ஒன்பதே காலுக்கு ஒரு பஸ் இருக்கிறது, பத்தே காலுக்கு ஒரு பஸ் இருக்கிறது. எதிலும் ஏறாமலும் இருக்கலாம். நாலு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

நீங்களாக இருந்தால் எதில் ஏறுவீர்கள்? கடிதம் போட்டால் எனக்கு வந்து சேர ஒரு மாதமாகும். அதனால், இப்போதே உங்கள் மனதுக்குள்ளாவது சொல்லிவிடுங்கள்.

நான் தப்பிக்க இன்னொரு பொய்யை மட்டும் யோசித்துத் தராதீர்கள். அது எனக்கே வரும்.