நிலத்தில் இல்லாத விவசாயி

மிளகாய்க்காரிக்கு வயிறு எரிந்தது. பூவெடுத்திருக்கும் மிளகாய்ச் செடிக்கு நாலு நாளில் தண்ணீர் காட்டாவிட்டால் அரை ஏக்கரும் உதிர்ந்துவிடும். பழைய மோட்டார் மண்டையைப் போட்டுவிட்டது. புதியதற்கு வங்கிக் கடன்தான் வழி. நிலத்தை நேரில் பார்க்க வந்த கடன் அதிகாரியோ, விடியலிலிருந்து குடத்தில் மொண்டு ஊற்றிச் சேறான காலோடு நிற்கிற இவளை விட்டுவிட்டு, சலவைச் சட்டையில் சும்மா துணைக்கு வந்த கொழுந்தனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"செடிக்கு என்ன வயசு சார்?"

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "ஆறு மாசம் இருக்கும்."

"அம்பத்தஞ்சு நாள்" என்றாள் இவள்.

அதிகாரி ஆறு மாசம் என்றே எழுதினார். பத்திரம் இவள் பெயரில். புருஷன் செத்துப்போன இந்த இரண்டு வருஷமாகப் பாடுபடுவதும் இவள்தான். அதெல்லாம் அந்த மனுஷன் காதில் ஏறினால்தானே!

"உங்க நிலத்துல நில்லுங்க சார், போட்டோ எடுக்கணும்."

கொழுந்தன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஜம்மென்று நடந்து, பக்கத்துக்காரரின் கத்திரித் தோட்டத்தில் போய் நின்றான்.

"தம்பி, அது நம்ம நிலமே இல்ல!"

"எல்லாம் பச்சையாத்தானே அண்ணி இருக்கு" என்று அசடு வழிந்தான்.

அதிகாரி எரிச்சலோடு ஒரு வரி எழுதினார். இவள் எட்டிப் பார்த்தாள். 'ஆய்வின்போது விவசாயி நிலத்தில் இல்லை.'

அவ்வளவுதான், கோபம் தலைக்கேறியது. அதிகாரியின் வண்டியில் தொங்கிய சாவியை வெடுக்கென்று உருவிக்கொண்டு செடிகளுக்கு நடுவே போய் நின்றாள்.

"யம்மா, சாவியக் குடும்மா!"

"விவசாயிதான் நிலத்துல இல்லையே சார். இல்லாதவகிட்ட எதுக்குக் கேக்கறீங்க?"

"விளையாடாதம்மா, வேலை கிடக்கு."

"வண்டி அஞ்சு நிமிஷம் நின்னதுக்கே இந்தக் கத்து கத்துறீங்க. என் மோட்டார் நின்னு ஒம்பது நாளாச்சு!"

"அண்ணி, பெரிய இடம், விட்டுருங்க" என்றான் கொழுந்தன்.

"நீ கத்திரித் தோட்டத்துலயே நில்லு."

வெயில் ஏறியது. கடைசியில் அதிகாரி ஷூவைக் கழற்றிவிட்டு ஈர மண்ணில் இறங்கினார். அந்த வரியை அடித்தார். இவளைப் போட்டோ எடுத்தார்.

"செடிக்கு என்ன வயசும்மா?"

"அம்பத்தஞ்சு நாள். ரெண்டாவது தடவை சொல்றேன். நாலு நாள்ல பணம் வரலன்னா வயசு கேக்கச் செடியே இருக்காது. அதையும் எழுதுங்க."

எழுதினார். இவள் ஒவ்வொரு வரியாக வாசித்து முடித்த பிறகே சாவியைக் கொடுத்தாள்.