நாலாம் நம்பர்

மோப்ரெக் கால்பந்துக் கழகத்தின் செயலாளர் சொலாஞ் வாம்பெக்குக்கு ஒரு கேலிப் பேச்சுதான் தன் தவறைக் காட்டிக்கொடுத்தது.

அன்று சீசனின் கடைசி ஆட்டம். சமன் செய்தால் மூன்றாம் பிரிவில் தலை தப்பும். தோற்றால் கீழ்ப்பிரிவு. பதினாறு பேரின் ஒப்பந்தம் காற்றோடு போகும். அவள் உட்காரும் அலுவலகத்துக்கும் பூட்டுதான்.

ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. அதே கழகத்தின் இரண்டாம் அணிப் பயிற்சியாளர் பஸ்தியன் உருளைக்கிழங்கு வறுவலைக் கொறித்துக்கொண்டே எதிரே வந்தான்.

“உங்க கேப்டன் கெட்டிக்காரன் சொலாஞ். போன சனிக்கிழமை எங்க ஆட்டத்துல ஆடாம இருந்தே தடையக் கழிச்சுட்டான். நோகாம நோம்பு கும்புட்டான் பாரு.”

சொலாஞ் சிரித்தாள். நாலடி நடந்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

மஞ்சள் அட்டைகள் சேர்ந்ததால் நாலாம் நம்பர் ஆட்டக்காரனான கேப்டன் யூசுஃபாவுக்கு ஓர் ஆட்டத் தடை. பதினேழு அணிகள் உள்ள பிரிவில் வாரம் ஓர் அணிக்கு ஓய்வு உண்டு. போன வாரம் அது மோப்ரெக்கின் முறை. அவன் ஆடும் முதல் அணிக்கு ஆட்டம் இல்லாததால், இரண்டாம் அணியின் ஆட்டத்தை வைத்து ‘தடை கழிந்தது’ என்று அவள் எழுதிவிட்டாள். விதி அப்படி இல்லை. எந்த அணிக்குத் திரும்ப ஆட வருகிறானோ, அந்த அணியின் ஆட்டத்தில்தான் தடை கழிய வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அவள் தூக்கத்தில்கூட ஒப்பிக்கும் விதி. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியது அவளுக்கு, விழப்போவது ஊரே.

தடை உள்ளவன் ஆடினான் என்று எதிரணி ஒரு புகார் கொடுத்தால் போதும். ஜெயித்தாலும் தோற்றதாகத்தான் தீர்ப்பு வரும்.

ஆட்டக்காரர் பட்டியலில் கேப்டன் கையெழுத்துப் போட வேண்டும். பட்டியல் இருந்த கையடக்கக் கணினியோடு உடைமாற்றும் அறைக்குப் போனாள். சொன்னால் இந்த அறையே அவளைத் தின்றுவிடும். சொல்லாவிட்டால் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் புகாரோ என்று செத்துச் செத்துப் பிழைக்க வேண்டும்.

“குடுங்கக்கா, கையெழுத்துப் போடறேன்” என்று யூசுஃபா கையை நீட்டினான். “ஏன் இவ்ளோ பதட்டம்? ஆடப்போறது நாங்கதான?”

அவள் கணினியை மார்போடு அணைத்துக்கொண்டாள். “நீ ஆட முடியாது தம்பி. தடை இன்னும் கழியல. நான் தப்பா எழுதிட்டேன்.”

பயிற்சியாளர் ரெமாக்ல் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“யாருக்குத் தெரியும்?”

“எனக்கு.”

“வேற?”

“எதிரணிச் செயலாளர் பெஷூவும் தடைக் கணக்கப் பாப்பாரு கோச். எங்க பொழப்பே அதுதான?”

“பாக்கலன்னா?”

யூசுஃபா தரையைப் பார்த்தபடியே கையில் கட்டியிருந்த கேப்டன் பட்டையைக் கழற்றினான். “பாத்துட்டா எல்லாரும் சேந்து கீழ போவோம். என் பேர எடுத்துருங்கக்கா.”

சொலாஞ் ஆட்டத்தைப் பார்க்கப் போகவில்லை. சுவரில் சாய்ந்து இரைச்சலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். எண்பத்தாறு நிமிடம் வரை கோல் இல்லை. பிறகு ஊரே ஒரே நேரத்தில் வாயடைத்துப்போனது. எதிரணி கோல் போட்டுவிட்டது என்று போய்ப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. உயரமாக வந்த பந்து. வழக்கமாக யூசுஃபா நிற்கும் இடத்தில் ஆள் இல்லை.

அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிந்து, எதிரணிச் செயலாளர் பெஷூ முடிவைப் பதிய அவள் அலுவலகத்துக்கு வந்தார். நல்ல மனிதர், அவர் முகத்தில் வெற்றிக்களை இல்லை.

“மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு சொலாஞ். ஆமா, நாலாம் நம்பர ஏன் எறக்கல? எங்க பசங்க வாரம் பூரா அவன நெனச்சுத்தான் பயந்துட்டு இருந்தாங்க. காயமா?”

அவர் கணக்கே பார்த்திருக்கவில்லை.

கதவு திறந்தே இருந்தது. வெளியே ரெமாக்லும் பதினாறு பேரும் பைகளோடு நின்றிருந்தார்கள். எல்லோர் காதிலும் அது விழுந்திருந்தது. ரெமாக்ல் வாயைத் திறந்தார்.

யூசுஃபா அவருக்கு முன்னால் வந்து வாசலில் நின்றான்.

“ஆமா சார்” என்றான். “காயந்தான்.”